‘ஹிஸ்டரி’ என்னும் சொல்லும் நம் வரலாறும்

கல்விச் சங்கம் ஒன்று வெள்ளி விழாக் காணுங்கால் தன் வரலாற்றைத் தொகுத்து மலரில் சேர்ப்பது மரபு. தொடங்கிய நாள், கட்டிய கட்டடம், பயின்ற மாணாக்கர், உதவிய பெருமக்கள் ஆகிய செய்திகள் இம்மலரின் பிற பக்கங்களில் இடம் பெறும். நாம் இக்கட்டுரையில் அதற்கும் முற்பட்ட வினா ஒன்றை எழுப்ப விரும்புகின்றோம். வரலாறு என்பது யாது? அதனை எழுதும் உரிமை யாருடையது? எழுதப்பட்டதை நாம் ஏற்பதும் மறுப்பதும் எவ்வளவைக் கொண்டு?

இவ்வினாக்களுக்கு விடை தேடுவார்க்குப் பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் உச்சரிக்கும் ஓர் ஆங்கிலச் சொல் துணை செய்கின்றது. ‘ஹிஸ்டரி’ என்பதே அச்சொல். அதன் பிறப்பை ஆராய்ந்தால் நம் சமூகத்தார் கையிற்கொள்ள வேண்டிய கருவி ஒன்று அதனுள்ளே பொதிந்து கிடப்பது புலனாகும்.

சொல்லின் பிறப்பு

ஹிஸ்டரி என்னும் சொல் ஆங்கிலத்தில் பிறந்ததன்று. கிரேக்க மொழியில் ‘ஹிஸ்டோரியா’ என்று வழங்கிய சொல் இலத்தீனுக்குச் சென்று, பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்திற் புகுந்தது. ‘சென்ற காலம்’ என்பது அச்சொல்லின் முதற் பொருளன்று. ‘வினவி அறிதல்’, ‘விசாரணை’ என்பனவே கிரேக்கர் அதற்குக் கொண்ட பொருள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினரான ஹெரோடோட்டஸ் தம் பெருநூலைத் தொடங்குமிடத்து, இது தம் விசாரணையின் வெளிப்பாடு என்னும் கருத்திலேயே இச்சொல்லை ஆண்டார். அவர் எகிப்து முதலிய நாடுகளுக்குச் சென்று, கண்டனவற்றைக் கண்டனவென்றும், கேட்டனவற்றைக் கேட்டனவென்றும் வேறுபடுத்தி எழுத முற்பட்டவர். பிறர் சொல்வதை எடுத்துரைப்பது தம் கடன், அவையனைத்தையும் நம்புவது தம் கடனன்று என்று அவரே ஓரிடத்திற் கூறுகின்றார்.

இன்னும் ஆழ்ந்து நோக்கினால், ஹிஸ்டோரியாவுக்கு வேராக ‘ஹிஸ்டோர்’ என்னும் சொல் நிற்கக் காண்கின்றோம். அறிந்தவன், சான்றாளன், வழக்கைத் தீர்ப்பவன் என்பன அதன் பொருள்கள். ஹோமரின் இலியத் காவியத்தில் அகிலீசின் கேடயத்திற் பொறித்த காட்சிகளுள் ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. கொலையுண்ட ஒருவனுக்குரிய ஈட்டுப் பணத்தைப் பற்றி இருவர் ஊரார் நடுவே வழக்காடுகின்றனர். கொடுத்துவிட்டேன் என்கின்றான் ஒருவன். பெறவில்லை என்று மறுக்கின்றான் மற்றவன். இருவரும் தம் வழக்கை ஒரு ‘ஹிஸ்டோர்’ முன் வைத்துத் தீர்த்துக்கொள்ள விழைகின்றனர். ஆகவே அச்சொல்லின் பழைய இருப்பிடங்களுள் ஒன்று வழக்கு மன்றம் என்பது தேற்றம். அரசவைப் புகழ்ச்சிக்கும் அதற்கும் பிறப்பால் உறவில்லை.

மொழிநூலார் மற்றொன்றும் கூறுவர். ஹிஸ்டோர் என்பது ‘காண்டல், கண்டறிதல்’ என்னும் பொருளுடைய பழைய அடியினின்று வந்தது. இலத்தீனில் பார்த்தலைக் குறிக்கும் சொல்லும், வடமொழியில் ‘வித்யா’, ‘வேதம்’ என்னும் சொற்களும் அந்த ஓரடியிற் கிளைத்தவையே. வேதமும் ஹிஸ்டரியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றால் பலர்க்கு வியப்பாக இருக்கும். எனினும் இரண்டும் வளர்ந்த வகை வேறு. ஒன்று இன்னார் ஓதலாம், இன்னார் கேட்கவும் ஆகாது என்று வேலியிடப்பட்டது. மற்றொன்று, யார் வேண்டுமாயினும் வினவலாம், சான்று காட்டுக என்னும் நெறியில் வளர்ந்தது. நம் முன்னோர்க்கு முதலாவதன் கதவு அடைக்கப்பட்டிருந்தது. இரண்டாவதன் கதவுக்குத் தாழில்லை. ஆயினும் அதனுட் புக எழுத்தறிவு வேண்டும். கல்விச் சங்கங்கள் தோன்ற வேண்டியிருந்த காரணங்களுள் இதுவும் ஒன்று.

கதையும் வரலாறும்

இலத்தீனினின்று பிரெஞ்சுக்குச் சென்ற காலத்து அச்சொல் தேய்ந்து ‘எஸ்த்வார்’ போன்ற வடிவம் பெற்றது. அதுவே ஆங்கிலத்தில் ‘ஸ்டோரி’ ஆயிற்று. ஸ்டோரியும் ஹிஸ்டரியும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். நெடுங்காலம் ஆங்கிலேயர் இவ்விரண்டையும் வேறுபாடின்றியே வழங்கினர். நடந்ததைச் சொல்வதும் புனைந்ததைச் சொல்வதும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டன. பின்னரே ஸ்டோரி கதையையும், ஹிஸ்டரி நடந்தது பற்றிய ஆய்வுரையையும் குறிக்கத் தலைப்பட்டன. விலங்கு, செடி, கொடிகளை ஆராயும் துறைக்கு ஆங்கிலத்தில் ‘நேச்சுரல் ஹிஸ்டரி’ என்னும் பெயர் இன்றளவும் நிற்கின்றது. அங்கே சென்ற காலம் என்னும் பொருள் இல்லை. ஆராய்தல் என்னும் பழம்பொருளே உறைந்து கிடக்கின்றது.

கதை எப்படி வரலாற்றின் இருக்கையில் ஏறி அமர்கின்றது என்பதற்கு நம் தமிழகத்திலேயே தக்க சான்று உண்டு. திருநாளைப்போவார் எனப்படும் நந்தனாரைச் சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் பெயரளவிற் குறித்தார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாடல் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் அதனை 37 பாடல்களில் விரித்தார். ஆதனூர்ப் புலைப்பாடியையும், கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்த தொண்டினையும், தில்லையில் தீயிற் புகுந்ததனையும் அவர் பாடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ இயற்றினார். நந்தனாரை அடிமை கொண்டு வதைத்த வேதியப் பண்ணையார் அதிலேதான் தோன்றுகின்றார்; சேக்கிழாரிடம் அவர் இல்லை. பின்னர் வந்த நாடகங்களும் திரைப்படங்களும் பாரதியாரைப் பின்பற்றின. இன்று பாமரரை வினவினால் பண்ணையாரையே முதலிற் சொல்வர்.

இதில் நாம் காண்பது யாது? ஒரு பெயர் ஒரு பாடலாகி, ஒரு பாடல் 37 ஆகி, அதுவே ஒரு கீர்த்தனை நூலாயிற்று. ஒவ்வொரு காலத்தாரும் தத்தம் காலத்தின் கண்ணாடியை அதன்மேல் வைத்தனர். பாரதியார் காட்டிய பண்ணையார் ஏழாம், எட்டாம் நூற்றாண்டினர் அல்லர். பாரதியார் தம் காலத்தில் கண்ட பண்ணையடிமை முறையின் உருவமே அவர் என்று கொள்வது பொருந்தும். அவ்வகையில் அந்நூல் தன் காலத்துக்கு நல்ல சான்று. ஆனால் அதன் பெயரில் ‘சரித்திரம்’ என்று இருப்பதாலேயே நந்தனார் வாழ்ந்த காலத்துக்கு அது சான்றாகி விடாது. கதையைப் பழித்தல் நம் கருத்தன்று. கதையைக் கதையாகவும், எழுதிய காலத்தின் சான்றாகவும் இனங்கண்டு கொள்க என்பதே நம் வேண்டுகோள்.

நம் மொழியில் வழங்கும் சொற்கள்

ஹிஸ்டரிக்கு நிகராக நாம் வழங்கும் சொற்களும் ஆராயத் தக்கன. ‘இதிகாசம்’ என்னும் வடசொல் ‘இவ்வாறே இருந்தது’ என்று பொருள்படும். அங்கே வினாவுக்கு இடமில்லை. ‘இருந்தது’ என்று முடித்து வைக்கின்றது அச்சொல். ‘சரித்திரம்’ என்பது நடத்தல் என்னும் அடியினின்று வந்து, ஒருவரது ஒழுக்கத்தையும் வாழ்க்கையையும் குறித்தது. சான்றோர் வாழ்வை எடுத்துரைக்கும் நூல்கள் அப்பெயர் பூண்டன.

‘வரலாறு’ என்னும் தமிழ்ச்சொல் ‘வரல்’, ‘ஆறு’ என்னும் இரண்டாலாயது. ஆறு என்றால் வழி. வந்த வழி எதுவோ அது வரலாறு. ஹிஸ்டரி என்னும் சொல் தேடுபவனை முன்னிறுத்துகின்றது. வரலாறு என்னும் சொல் தேடப்படும் பாதையை முன்னிறுத்துகின்றது. இவை இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

இன்னொரு சிறப்பும் நம் சொல்லுக்கு உண்டு. யாப்பருங்கல விருத்தியுரை முதலிய பழைய உரைகளில், விதியைக் கூறியபின் அதற்குரிய எடுத்துக்காட்டுச் செய்யுளைத் தருமிடத்து ‘வரலாறு’ என்று தலைப்பிட்டு எழுதுவர். அஃதாவது, ‘இவ்விதி இலக்கியத்தில் வந்துள்ள வழி இது’ என்று காட்டுவர். எனவே பழைய உரையாசிரியர் வழக்கில் வரலாறு என்பது எடுத்துக்காட்டு, சான்று. சான்று காட்டாத விதியைத் தமிழுலகம் ஏற்றதில்லை. கிரேக்கர் ‘வினவுக’ என்றனர்; நம் உரையாசிரியர் ‘காட்டுக’ என்றனர். இவ்விரண்டையும் இணைத்தால் வரலாற்றின் இலக்கணம் நிறைவெய்தும்.

அண்ணாமலை மண்ணில் எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

இவ்விலக்கணத்தை நாம் வாழும் மண்ணில் வைத்துப் பார்ப்போம். திருவண்ணாமலை மாவட்டத்தில் கல்லெழுத்துக்குப் பஞ்சமில்லை. அருணாசலேசுவரர் கோயிற் சுவர்களில் சோழர் காலந்தொட்டு எழுதப்பட்ட கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. 217 அடி உயர்ந்த இராச கோபுரத்தைக் கிருட்டிண தேவராயர் தொடங்கியதையும், தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் முடித்ததையும் நாம் அறிவோம். போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் பதினான்காம் நூற்றாண்டில் இவ்வூரைத் தன் இருக்கையாகக் கொண்டிருந்தான். அவனுக்கு மகப்பேறு இல்லையாதலின் இறைவனே மகனாகி நீத்தார் கடன் ஆற்றுகின்றார் என்னும் நம்பிக்கையில், மாசித் திங்களில் பள்ளிகொண்டாப்பட்டில் இன்றும் அச்சடங்கு நிகழ்கின்றது. ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஒரு மன்னனை நினைத்துக்கொள்ள ஊரே ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றது. அக்கோபுரத்துக்குக் கல்லேற்றியோர் பெயரை நினைக்க அத்தகைய ஏற்பாடு ஏதுமில்லை.

நம் மாவட்டத்துச் செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர் போனது. தமிழக அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறை அவற்றைத் தொகுத்து, இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972ஆம் ஆண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை வெளியிட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்திற் பொறித்த அக்கற்கள் தொறு மீட்டும், ஊர் காத்தும் பட்ட மறவரின் பெயர்களைச் சொல்வன. கோயிற் கல்வெட்டுகள் கொடுத்தாரைப் புகழ, நடுகற்கள் மாண்டாரைப் பேசுகின்றன. ஆதலின் எளியோர் வரலாற்றுக்கு அவை பெருந்துணை.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் புகழ் வாய்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நிறுத்தப்பட்டது அது. தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மடிந்த கருந்தேவகத்தி என்னும் வீரனை அது குறிக்கின்றது. அவன் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் உண்டு. கள்வர் இருவரைக் கடித்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்றும் கல்லிற் பொறித்துள்ளனர். நன்றி மறவாத அம்மக்களை நாம் போற்றுகின்றோம். ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டு காத்து வைத்த கல்லுக்கு வணக்கம்.

இனி மறுபுறத்தைக் காண்க. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் கல்வெட்டுகளில், கோயிலுக்கு இறையிலியாக விடப்பட்ட ஊர்களின் நில அளவு தரப்பட்டுள்ளது. வரி நீக்கிக் கழிக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்பவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இடம் பெறுகின்றன. பதினோராம் நூற்றாண்டில் அச்சேரிகள் இருந்தன என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா. தீண்டாமை என்னும் சொல்லே கல்லில் ஏறி நிற்கின்றது. ஆனால் அச்சேரியில் வாழ்ந்தோர் ஒருவர் பெயரும் அப்பட்டியலில் இல்லை. இடம் அளக்கப்பட்டது, வாழ்ந்தோர் அளவைக்கு வெளியே நின்றனர்.

வேந்தர்தம் மெய்க்கீர்த்தியை அப்படியே எடுத்து வைத்தால் அது வரலாறாகாது என்பது இதனாற் பெறப்படும். ஹிஸ்டோர் எனப்பட்ட சான்றாளன் இரு தரப்பையும் கேட்பவன். ஒரு தரப்பு மட்டுமே கல்லில் எழுத வல்லதாக இருந்த காலத்தில், மறு தரப்பின் சொல் எங்கே கிடக்கின்றது என்று தேட வேண்டியவன் ஆராய்ச்சியாளன். வரி நீக்கப் பட்டியலில் ஒரு சொல்லாகவும், ஊர்ப் புறத்தே ஒரு காளி கோயிலாகவும், பறையடிக்கும் முறைகளுள் ஒன்றாகவும், கூத்தில் வரும் ஒரு பாட்டாகவும் அது கிடக்கலாம்.

நம்மவர் தொடங்கிய விசாரணை

இத்தேடலை நம்மவர் நெடுநாட்களுக்கு முன்பே தொடங்கிவிட்டனர். பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) சென்னை இராயப்பேட்டையிலிருந்து 1907ஆம் ஆண்டு சூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. அவ்விதழில் அவர் ‘இந்திரர் தேச சரித்திரம்’ எழுதினார். இழிந்தோர் என்று ஒதுக்கப்பட்டோர் முற்காலத்திற் பௌத்தராய் வாழ்ந்தவர் என்பதும், மதப் பகையே அவர்தம் வீழ்ச்சிக்குக் காரணம் என்பதும் அவர் நிறுவ முயன்ற கருத்துகள். ஏடுகளையும் சொற்களையும் ஊர் வழக்குகளையும் அவர் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். அவர்தம் சொல்லாராய்ச்சி முடிவுகள் அனைத்தையும் இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. எனினும் ‘நாங்கள் எப்படி இந்நிலைக்கு ஆளானோம்?’ என்னும் வினாவை, விதியென்றும் வினையென்றும் ஒதுக்காமல் வரலாற்று வினாவாக்கிய பெருமை அவருடையது.

இரட்டைமலை சீனிவாசன் 1893ஆம் ஆண்டு தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் சூட்டினார். பழிச் சொல்லாக்கப்பட்ட பெயரை அவர் தலைப்பில் ஏற்றினார். அச்சொல்லின் வரலாறும் இவ்விடத்தே கருதத் தக்கது. பறை என்னும் இசைக்கருவியின் பெயரோடு தொடர்புடைய நம் சொல், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பயண நூல்களின் வழியாக ஆங்கிலத்திற் புகுந்து ‘பாரையா’ ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘எவராலும் ஒதுக்கப்பட்டவர்’ என்னும் பொதுப்பொருளை அது பெற்றது. இன்று உலகச் செய்தித்தாள்கள் ஏதேனும் ஒரு நாட்டைப் பழிக்க அச்சொல்லை வழங்குகின்றன. அதை எழுதுவோர் பலர்க்கு அதன் பின்னே ஒரு முழக்கும், ஒரு சேரியும், கோடிக்கணக்கான மாந்தரும் உள்ளமை தெரியாது. சொற்களும் கல்வெட்டுகளே. வாசிக்கத் தெரிந்தார்க்கு அவை சான்று பகரும்.

‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரும் இத்தகையதே. எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்திற் கொணர்ந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, 1922ஆம் ஆண்டு அரசாணையால் பழைய இழிபெயர்களுக்கு ஈடாக அப்பெயர் அரசு ஆவணங்களில் ஏறிற்று. ‘பஞ்சமர்’ என்றால் ஐந்தாமவர். அது பிறர் வரிசைக்கு வெளியே நிறுத்தி எண்ணிய எண். ‘ஆதி’ என்றால் முதல். ஐந்து என்பதை ஒன்று என்று திருத்திய அப்பெயர் மாற்றம் ஒரு வரலாற்று வழக்காட்டமே ஆகும்.

அண்ணல் அம்பேத்கர் 1946இல் ‘சூத்திரர் யார்?’ என்னும் நூலையும், 1948இல் ‘தீண்டப்படாதோர்’ பற்றிய நூலையும் வெளியிட்டார். பின்னதன் முன்னுரையில், நேர்ச் சான்று கிட்டாத இடத்தில் ஆராய்ச்சியாளன் கைகட்டி நிற்க வேண்டுமா என்று வினவி, விடுபட்ட கண்ணிகளைத் தக்க ஊகத்தால் இணைக்கலாம் என்று விளக்குகின்றார். தீண்டாமை கி.பி. 400 அளவில் தோன்றியது என்பது அவர் கண்ட முடிவு. தாம் முன்வைப்பது ஒரு கருதுகோள் என்பதை அவர் மறைக்கவில்லை. படைத்தவன் விதித்தது என்றால் மாற்ற இயலாது. ஒரு காலத்திலே தோன்றியது என்றால், தோன்றியது மறையவும் கூடும். விசாரணைக்கும் விடுதலைக்கும் உள்ள உறவு இதுவே.

சான்று கைவிட்டுப் போனால்

வரலாறு படித்தவர் பொழுதுபோக்கு என்று நினைப்பார் உளர். அஃது அன்று. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891ஆம் ஆண்டு நம் மக்களின் நிலை பற்றி விரிவான அறிக்கை ஒன்றை எழுதினார். அதன் பயனாக 1892இல் அரசு நிலம் வழங்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதுவே. அந்நிலத்தைப் பிற சமூகத்தார் வாங்கலாகாது என்னும் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டது. ஆயினும் நிலங்கள் பெருமளவு கைமாறின. எழுதப் படிக்க அறியாதார் கையில் இருந்த தாளை எழுதப் படிக்க அறிந்தார் வாங்கிக்கொண்டனர். அந்நிலத்தை மீட்கச் செங்கற்பட்டுப் பகுதிக் காரணை ஊரில் நிகழ்ந்த போராட்டத்தின்போது, 1994 அக்டோபர் 10 அன்று காவல் துறையினர் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் துறந்தனர். பழைய பதிவேட்டில் ஒரு வரி உண்டா இல்லையா என்பது நம்மவர்க்கு உயிர்ப் பொருளாயிற்று.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தண்டராம்பட்டை அடுத்த தென்முடியனூரில் உள்ள முத்து மாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் 2023 சனவரி 30 அன்றுதான் மாவட்ட ஆட்சியரும் காவல் துறையினரும் உடனிருக்க நுழைந்தனர். சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் இயற்றப்பெற்ற ஆண்டு 1947. இடையே கழிந்தவை எழுபத்தைந்து ஆண்டுகள். அத்தகைய தடைகளுக்குக் கூறப்படும் காரணம் ‘இதுவே வழிவழி வந்த வழக்கம்’ என்பது. ‘வழிவழி’ என்றால் எவ்வளவு காலம்? யார் தொடங்கினர்? எந்த ஆவணம் சொல்கின்றது? இவ்வாறு கேட்பதற்குப் பெயர்தான் ஹிஸ்டரி. ‘இவ்வாறே இருந்தது’ என்னும் இதிகாசக் கூற்றுக்கு எதிரே, ‘எவ்வாறு வந்தது?’ என்று நிற்பது வரலாறு.

நம்மையும் கட்டுப்படுத்தும் விதி

இனி நம்மவர்க்கு ஒரு சொல். விசாரணை என்னும் வாள் இருபுறமும் கூரியது. பிறர் கட்டிய பழங்கதையை நாம் மறுப்போமாயின், நாம் கட்டும் கதையையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். மேடைகளில் ‘நாமும் ஆண்ட பரம்பரை, நமக்கும் கோட்டையும் கொடியும் இருந்தன’ என்று முழங்குவோரை இன்று காண்கின்றோம். இழிவுபடுத்தப்பட்ட நெஞ்சுக்கு அம்முழக்கம் மருந்தாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் சிந்திக்க வேண்டும். அரசாண்டவனுக்கே மதிப்பு உண்டு என்று நாமும் ஒப்புக்கொண்டால், உழுதவனுக்கும் பறையடித்தவனுக்கும் மதிப்பில்லை என்னும் பகைவர் கொள்கைக்கே நாம் கையொப்பம் இட்டவராவோம். அரசர் இல்லாத வரலாறு வெறுமையன்று. ஏரியின் மதகு காத்தவரும், நிலத்தின் எல்லை அறிந்து சொன்னவரும், மழைக்குறி கண்டவரும் நம்மவர். அவ்வறிவின் வரலாறு எந்த மெய்க்கீர்த்திக்கும் தாழ்ந்ததன்று. சான்றில்லாத பெருமையைக் காட்டிலும் சான்றுள்ள உழைப்பு மேலானது.

நாம் செய்யத் தக்கன

முடிவாக, இச்சங்கத்தார்க்கும் மாணாக்கர்க்கும் சில கூறுகின்றோம். வரலாறு தொலைவில் இல்லை. நம் வீட்டுப் பெட்டியில் உள்ளது. பழைய பட்டாக்கள், குத்தகைச் சீட்டுகள், மனுக்களின் படிகள், பள்ளிச் சான்றிதழ்கள் ஆகியவற்றைக் கரையானுக்குக் கொடாமற் காக்க வேண்டும். வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டையும் அடங்கலையும் படிக்க ஒவ்வோர் ஊரிலும் இருவரேனும் பழக வேண்டும். 1919ஆம் ஆண்டுக்குப் பின் தொழிலாளர் நலத் துறை நம் பிள்ளைகளுக்கென நடத்திய ‘லேபர் ஸ்கூல்’ பள்ளிகளில் பயின்றோர் இப்போது அருகிவிட்டனர். எஞ்சிய முதியோரிடம் அமர்ந்து, யார் கற்பித்தார், எத்தனை பேர் பயின்றனர், எவர் தடுத்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கேட்டதைக் கேட்டதென்றும் கண்டதைக் கண்டதென்றும் எழுதுக. எழுதிய நாளையும் சொன்னவர் வயதையும் குறித்திடுக. தாலாட்டும் ஒப்பாரியும் பறையின் அடிவகையும் பாடி முடித்தவரோடு புதைந்து போகாமற் பதிவு செய்க. வயலில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லைத் துணி துவைக்கும் கல்லாக்காமற் காத்திடுக.

அயோத்திதாசர் மறைந்தது 1914இல். அவர்தம் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது 1999இல். இடையே எண்பத்தைந்து ஆண்டுகள் அப்பேரறிஞர் பெரும்பாலோர்க்குத் தெரியாமற் கிடந்தார். யாரோ சிலர் பழைய இதழ்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததனாலேயே அவர் நமக்கு மீண்டார். பெயரறியா அந்தச் சிலரும் வரலாற்றாசிரியரே.

எடுத்தனூரில் ஒரு நாயின் பெயர் நிலைத்தது, அதனை எழுதி வைக்க ஒருவர் எண்ணியதால். நம் பாட்டனும் பாட்டியும் பெயரின்றிப் போனது, எழுதுகோல் அவர்தம் கையில் இல்லாமையால். இன்று எழுதுகோல் நம் பிள்ளைகள் கையில் உள்ளது. இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து இச்சங்கம் பொன்விழாக் கொண்டாடும்போது வெளிவரும் மலரில், நம் மாவட்டத்துச் சேரி ஒவ்வொன்றும் வந்த வழி சான்றுகளோடு இடம் பெற வேண்டும். அதற்குரிய முதல் வினாவை இன்றிரவு வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்பீராக.